அப்பாவின் சொல் நோட்டுகள்: சிவப்பு, நீலம், பென்சில் என்று குறிச்சொல் வைத்தது தவறா?

கரிசல்மகள்:

எல்லோருக்கும் வணக்கம். நான் கணினித் துறையில் இல்லை. ஒரு பள்ளி நூலகத்தில் வேலை பார்க்கிறேன். நான்கு மாதங்களாக மாலை வேளைகளில், உரையின் பகுதிகளைக் கோண அடைப்புக் குறிச்சொற்களுக்குள் வைத்துச் சேமிக்கும் எக்ஸ்எம்எல் முறையைக் கற்றுக்கொண்டிருக்கிறேன். அப்பா விட்டுச்சென்ற மூன்று நீளமான கணக்கு நோட்டுகள்தான் காரணம்.

அப்பா கோவில்பட்டிப் பக்கத்தில் ஒரு கரிசல் கிராமத்தில் விவசாயம் பார்த்தவர். எட்டாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. 1979இல் எங்கள் கிணற்றுக்கு மின்மோட்டார் வந்தது. மாடு பூட்டிக் கிணற்றுநீர் இறைத்த கமலை ஓய்ந்துபோனதும் கமலையைச் சுற்றியிருந்த சொற்களும் ஓய்ந்துபோவதை அவர் கவனித்திருக்கிறார். அந்த ஆண்டிலிருந்து உழவு, கிணறு, மாடு, மழை, தானியம் என்று காதில் விழுந்த சொற்களையெல்லாம் எழுதிவைத்தார். மொத்தம் 1,140 சொற்கள். தலைச்சொல்லைச் சிவப்பு மையிலும் பொருளை நீல மையிலும் எழுதுவார். மற்றதையெல்லாம் பென்சிலில் ஓரத்தில் எழுதுவார்.

முதலில் இவற்றை வேர்டில் அடித்தேன். எட்டு மாதம் கழித்து, எழுத்துருவை மாற்றிய ஒரே நாளில் பாதிப் பக்கங்கள் குலைந்தன. அப்போதுதான், இன்னும் 20 ஆண்டுகள் கழித்து இந்தக் கோப்பை யாரால் திறக்க முடியும் என்று யோசித்தேன். எளிய எழுத்துக் கோப்பாகவே இருக்கும், எந்தக் கணினியிலும் திறக்கும் என்று படித்து எக்ஸ்எம்எல்லுக்கு வந்தேன். குறிச்சொற்களின் பெயரைத் தமிழிலேயே வைக்கலாம் என்று தெரிந்த அன்று எனக்கு உண்டான மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. இப்படித் தொடங்கினேன்:

<சொல்>
  <சிவப்பு>சால்</சிவப்பு>
  <நீலம்>கமலையில் நீர் மொள்ளும் பாத்திரம்</நீலம்>
  <பென்சில்>சாலில் ஓட்டை விழுந்துவிட்டது.</பென்சில்>
</சொல்>

அப்பா எழுதியதை அப்படியே பிரதி எடுக்கிறோம் என்றுதான் நினைத்தேன். 700 பதிவுகள் தாண்டிய பிறகு இடறுகிறது. அப்பா பென்சிலில் மூன்று வகையான செய்திகளை எழுதியிருக்கிறார். சில எடுத்துக்காட்டு வாக்கியங்கள். சில பாட்டு வரிகள். இன்னும் சில, ‘பெரியவரிடம் கேட்க வேண்டும்’ என்பதுபோல அவருக்கு இருந்த ஐயங்கள். அந்த ஐயங்களை மட்டும் பிரித்தெடுத்து, ஊரில் இன்னும் இருக்கும் முதியவர்களிடம் கேட்க ஆசைப்படுகிறேன். எடுக்க வழியில்லை, எல்லாம் பென்சில் என்று கிடக்கிறது. சிவப்பிலும் இதே கதை. வழக்கொழிந்த பொருளுக்குப் பக்கத்தில் ‘இப்போது இல்லை’ என்பதையும் அவர் சிவப்பு மையில்தான் எழுதியிருக்கிறார்.

இது போதாதென்று, உலாவியில் திறந்தால் 412ஆம் வரியில் பிழை வருகிறது. திறக்கும் குறிச்சொல்லும் மூடும் குறிச்சொல்லும் பொருந்தவில்லை என்கிறது. இரண்டும் ‘சொல்’தான். பத்து முறை பார்த்துவிட்டேன், எழுத்துக்கு எழுத்து ஒன்றாகவே இருக்கிறது.

இதுவரை செய்ததை அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டுமா? அச்சில் தலைச்சொல் அப்பாவின் சிவப்பிலேயே வர வேண்டும் என்பது என் விருப்பம். அதை எங்கே சொல்வது? 412ஆம் வரியில் என்னதான் நடக்கிறது?

பழைய அச்சுக்காரன்:

வணக்கம் அம்மா. சென்னையில் வெளிநாட்டு ஆய்விதழ்களுக்குப் பக்கம் அமைத்துக் கொடுக்கும் நிறுவனங்களில் 1995 முதல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். எதையும் அழிக்காதீர்கள்.

412ஆம் வரியை முதலில் முடித்துவிடுவோம். அந்த வரிக்குப் பிறகு வருபவை வேறு ஒருவர் தட்டச்சு செய்தவையா? பழைய எழுத்துருவிலிருந்து யூனிக்கோடுக்கு மாற்றியவையா? அப்படியானால் காரணம் கிடைத்துவிட்டது. ‘சொ’ என்ற எழுத்தை யூனிக்கோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். சகரத்துக்குப் பின் ‘ஒ’கரக் குறி என்ற ஒரே குறியீடாக வைப்பது ஒன்று. கொம்பு தனியாகவும் கால் தனியாகவும் இரண்டு குறியீடுகளாக வைப்பது இன்னொன்று. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். யூனிக்கோடு விதிப்படியும் இரண்டும் சமமானவையே. ஆனால் எக்ஸ்எம்எல் விதி கறாரானது: பெயர்கள் குறியீட்டுக்குக் குறியீடு ஒன்றாக இருந்தால்தான் பொருந்தும். ஆகவே உங்கள் கண்ணுக்கு ஒரே ‘சொல்’, கணினிக்கு இரண்டு வேறு சொற்கள்.

கோப்பு முழுவதையும் ஒரு முறை ‘என்எஃப்சி’ என்ற சீர்வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். பைத்தான் நிரல்மொழியில் இரண்டு வரி போதும். சில உரைத்தொகுப்பிகளிலும் அந்த வசதி உண்டு. கொம்பும் காலும் ஒன்றாகிவிடும். கொ, கோ, கௌ வரிசை மூன்றுக்கும் இந்தச் சிக்கல் உண்டு. ‘பொருள்’ என்று குறிச்சொல் வைத்தாலும் இதே பிழை வந்திருக்கும். இனி எங்கிருந்து எதை ஒட்டினாலும் ஒட்டியதும் சீர்வடிவத்துக்கு மாற்றுவதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால், பிழை எதுவும் வராத உரைப் பகுதியில் ‘கொழு’ என்று தேடும்போது பாதி மட்டும் கிடைக்கும். பிழை காட்டி நிற்பதைவிட அது மோசம்.

இனி நிறங்கள். ஒரு பழைய கதை சொல்கிறேன். நான் வேலையில் சேர்ந்த காலத்தில் ஒரு இதழின் பழைய தொகுதிகளைப் பக்கம் அமைக்கும் மென்பொருளில் நேரடியாகச் செய்திருந்தார்கள். மேற்கோள் பட்டியலில் தொகுதி எண் தடித்த எழுத்தில் வரும். தலைப்புகளும் தடித்த எழுத்து. படங்களின் எண்களும் தடித்த எழுத்து. ஒரு நாள், தொகுதி எண் இனித் தடிமனாக வேண்டாம் என்று பதிப்பாளர் சொன்னார். கோப்பில் ‘தடிமன்’ என்ற செய்தி மட்டுமே இருந்தது. எது தொகுதி எண் என்ற செய்தி எங்கும் இல்லை. மூன்று பேர் இரண்டு மாதம் கண்ணால் பார்த்துப் பிரித்தோம். அடுத்த இதழ், எக்ஸ்எம்எல்லின் முன்னோடியான எஸ்ஜிஎம்எல்லில் வந்தது. அதில் தொகுதி எண்ணுக்குத் ‘தொகுதி எண்’ என்றே குறி இருந்தது. அங்கேயும் அதே மாற்றம் கேட்டார்கள். தோற்றத்தை மட்டும் சொல்லும் ஸ்டைல்ஷீட்டில் ஒரு வரியை மாற்றினோம். தேநீர் ஆறுவதற்குள் முடிந்தது.

இந்த எண்ணம் எக்ஸ்எம்எல்லுக்கு முன்பே பிறந்தது. 1969இல் ஐபிஎம் நிறுவனத்தில் கோல்ட்ஃபார்ப், மோஷர், லோரி என்ற மூவர் சட்ட ஆவணங்களுக்காக ‘ஜிஎம்எல்’ என்ற குறிமுறையை உருவாக்கினார்கள். அந்தப் பெயரே அவர்களுடைய முதலெழுத்துகள்தான். அது வளர்ந்து 1986இல் எஸ்ஜிஎம்எல் என்ற பன்னாட்டுத் தரமானது. அதைச் சுருக்கி இணையத்துக்கு ஏற்றதாக்கி 1998 பிப்ரவரி 10 அன்று எக்ஸ்எம்எல் வெளியானது. பெயர்கள் மாறினாலும் அடிப்படை மாறவில்லை: ஒன்று எப்படித் தெரிகிறது என்பதை எழுதாதே, அது என்ன என்பதை எழுது.

உங்கள் அப்பா அதைத்தான் செய்திருக்கிறார் அம்மா. சிவப்பு மை அவருக்கு அழகுக்காக அல்ல. ‘இது தலைச்சொல்’ என்று சொல்ல அவர் கையில் இருந்த குறி அது. அவரிடம் இரண்டு பேனாவும் ஒரு பென்சிலும்தான் இருந்தன. ஆகவே ஒரே பென்சில் மூன்று வேலை பார்த்தது. உங்களுக்கு அந்தத் தட்டுப்பாடு இல்லை. வேண்டிய அளவுக்குப் பெயர் வைக்கலாம். இப்படி:

<பதிவு அடையாளம்="சால்">
  <தலைச்சொல்>சால்</தலைச்சொல்>
  <பொருள்>
    <விளக்கம்>கமலையில் நீர் மொள்ளும் பாத்திரம்</விளக்கம்>
    <எடுத்துக்காட்டு>சாலில் ஓட்டை விழுந்துவிட்டது.</எடுத்துக்காட்டு>
  </பொருள்>
</பதிவு>

இவற்றோடு ‘பாட்டு’, அதற்குள் ‘அடி’, பிறகு ‘ஐயம்’, ‘வழக்கொழிந்தது’ ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 700 பதிவுகளையும் கையால் மாற்ற வேண்டாம். எக்ஸ்எஸ்எல்டி என்ற உருமாற்ற மொழி இதற்காகவே இருக்கிறது. உள்ளதை உள்ளபடியே பிரதி எடுக்கும் ஒரு விதியை முதலில் எழுதுவோம். அதன்மேல், பதிவின் முதல் சிவப்பு தலைச்சொல் ஆகட்டும், மற்ற சிவப்பு வழக்கொழிந்தது ஆகட்டும் என்று இரண்டே விதிகளைச் சேர்த்தால் சிவப்பு முழுவதும் பிரிந்துவிடும். பென்சிலில், ‘கேட்க’ என்ற சொல் இருப்பவற்றை ‘ஐயம்’ ஆக்கலாம். மீதியை நீங்கள் உட்கார்ந்து படித்துத்தான் பிரிக்க வேண்டும். அதற்குக் குறுக்குவழி இல்லை. தேவையும் இல்லை, அவை உங்கள் அப்பாவின் வரிகள்.

நிறம், தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ் கோப்பில் இருக்கட்டும். தமிழ்ப் பெயரை அங்கும் அப்படியே எழுதலாம்: தலைச்சொல்லுக்கு நிறம் சிவப்பு, பதிவுக்கு ‘டிஸ்ப்ளே பிளாக்’, அவ்வளவுதான். இந்த ‘பிளாக்’ சொல்லாமல் திறந்தால் 1,140 சொற்களும் ஒரே பத்தியாக ஓடும், பயந்துவிடாதீர்கள். எச்டிஎம்எல்லில் பத்தி எது, தலைப்பு எது என்று உலாவிக்கு முன்பே தெரியும். உங்கள் ‘பதிவு’ என்னவென்று நீங்கள் சொன்னால்தான் அதற்குத் தெரியும்.

விரிதாள் போதும்:

மன்னிக்கவும், எனக்கு இது தேவைக்கு மீறிய வேலையாகத் தெரிகிறது. 1,140 சொற்கள்தானே? ஒரு விரிதாளில் சொல், பொருள், எடுத்துக்காட்டு, ஐயம் என்று நான்கு நெடுவரிசை போட்டால் ஒரு வாரத்தில் முடியும். வடிகட்டலாம், வரிசைப்படுத்தலாம். எங்கள் அலுவலகத்தில் 9,000 பொருள்களின் பட்டியலை அப்படித்தான் வைத்திருக்கிறோம்.

கரிசல்மகள்:

அச்சுக்காரர் ஐயா, என்எஃப்சிக்கு மாற்றினேன், 412 சரியாகிவிட்டது. நீங்கள் ஊகித்தது உண்மை. முதல் நோட்டை 2004இல் ஒரு தட்டச்சு நிலையத்தில் பழைய எழுத்துருவில் அடிக்கக் கொடுத்திருந்தோம். 412ஆம் வரியிலிருந்து வருவது அதன் மாற்றுவடிவம். அதில் ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் ‘சொல்’ என்று ஏற்கெனவே அடித்திருந்தது. அதையே கோண அடைப்புக்குள் வைத்துவிட்டு, மூடும் குறிச்சொல்லை மட்டும் நான் அடித்தேன். அப்பாவின் பேனாவைப் பற்றி நீங்கள் எழுதியதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன்.

விரிதாள் சொன்ன நண்பருக்கு: நானும் அதைத்தான் முதலில் முயன்றேன். ‘சால்’ என்ற சொல்லையே பாருங்கள். அப்பா அதற்கு மூன்று பொருள் எழுதியிருக்கிறார். கமலையில் நீர் மொள்ளும் பாத்திரம் ஒன்று. ஏர் உழுது போன கோடு இன்னொன்று. தண்ணீர் ஊற்றிவைக்கும் பெரிய மிடா மூன்றாவது. முதல் பொருளுக்கு நான்கு எடுத்துக்காட்டும் ஐந்தடிப் பாட்டும் உண்டு. இரண்டாவதற்கு ஒரே எடுத்துக்காட்டு. மூன்றாவதற்கு எடுத்துக்காட்டே இல்லை, ஓர் ஐயம் மட்டும் இருக்கிறது. எந்தப் பாட்டு எந்தப் பொருளுக்கு உரியது என்பதை நான்கு நெடுவரிசையில் எப்படி வைப்பது? ‘எடுத்துக்காட்டு-1’, ‘எடுத்துக்காட்டு-2’ என்று நெடுவரிசைகளை நீட்டிக்கொண்டே போனேன். 31 வரை போனதும் விட்டுவிட்டேன். பொருளுக்குள் எடுத்துக்காட்டு, பாட்டுக்குள் அடி என்று ஒன்றுக்குள் ஒன்று இருப்பதை அப்படியே எழுத முடிவதால்தான் எக்ஸ்எம்எல் எனக்குப் பொருந்துகிறது.

இப்போது இரண்டு புதிய தொல்லைகள். பாட்டுகளுக்குள் வரும் தலைச்சொற்களுக்கும் குறி இட்டால், அந்தச் சொல் எங்கெல்லாம் வருகிறது என்று பிறகு தேடலாம் அல்லவா? ‘சாலில்’ என்பதில் ‘சால்’ மட்டும் குறிக்குள் வர வேண்டும் என்று முயன்றேன். அடைப்புக்கு வெளியே இகரக் குறி தனியாக நின்று, புள்ளி வட்டத்தோடு தெரிகிறது. இன்னொன்று, எக்ஸ்எஸ்எல்டியை வைத்து அகரவரிசைப்படுத்தினேன். ‘அறுவடை’ முன்னால் வந்து ‘அவரை’ பின்னால் போகிறது. 

அகராதி மாணவி:

வணக்கம் அக்கா. நான் அகராதியியல் ஆய்வு செய்கிறேன். இந்த இரண்டு தொல்லையும் எனக்கு நன்றாகப் பழக்கமானவை.

அகரவரிசையில் தவறு உங்களுடையது இல்லை. கருவி யூனிக்கோடு எண்ணின்படி அடுக்குகிறது. அந்த எண் வரிசை நம் நெடுங்கணக்கு இல்லை. அதில் நகரத்தை ஒட்டியே னகரம், ரகரத்தை ஒட்டி றகரம், லகரத்தை ஒட்டி ளகரமும் ழகரமும், அதற்குப் பிறகுதான் வகரம். அதனால்தான் ‘அறுவடை’ முந்திக்கொண்டது. நெடுங்கணக்கில் ‘அவரை’ வந்த பிறகே ‘அறுவடை’ வர வேண்டும். புள்ளியும் இப்படித்தான்: புள்ளிக்குரிய எண் உயிர்க்குறிகளுக்கெல்லாம் பின்னால் இருப்பதால் ‘கலை’ முன்னாலும் ‘கல்வி’ பின்னாலும் விழும். நம் அகராதிகளில் மெய் முன்னால், உயிர்மெய் பின்னால். ‘கல்வி’ முந்த வேண்டும்.

யூனிக்கோடு அமைப்பு பராமரிக்கும் சிஎல்டிஆர் தொகுப்பில் தமிழுக்கென்று வரிசை விதி இருக்கிறது. ஐசியு என்ற நிரல்தொகுதியோடு இயங்கும் கருவிகள் அதைப் பயன்படுத்தும். அந்தக் கருவியை நிறுவுவது உங்களுக்குச் சிரமமாக இருந்தால், நான் செய்வதுபோலச் செய்யுங்கள். ஒவ்வொரு எழுத்துக்கும் நெடுங்கணக்கில் என்ன இடமோ அந்த எண்ணை வைத்து, பதிவின் தொடக்கக் குறிச்சொல்லில், ‘அடையாளம்’ இருப்பதுபோலவே, ‘வரிசை’ என்ற பண்பில் ஒரு திறவுகோலை எழுதச் சிறிய நிரல் ஒன்று போதும். பிறகு எக்ஸ்எஸ்எல்டி அந்தப் பண்பைப் பார்த்து அடுக்கும். எந்தக் கணினியிலும் ஒரே வரிசை வரும்.

ஒட்டுச்சொற்களில் சொல்லை அறுக்கவே அறுக்காதீர்கள். தமிழில் சொல்லின் எல்லை எழுத்துக்குள்ளேயே போய்விடுகிறது. ‘சால்’ + ‘இல்’ சேரும்போது லகரமும் இகரமும் ஒரே ‘லி’ ஆகின்றன. அந்த லியின் நடுவே கோண அடைப்பை வைத்தால் உயிர்க்குறி அநாதையாகிறது. முழுச் சொல்லையும் குறிக்குள் வைத்து, அடிச்சொல்லைப் பண்பில் எழுதுங்கள்:

<எடுத்துக்காட்டு><வருகை தலை="சால்">சாலில்</வருகை> ஓட்டை விழுந்துவிட்டது.</எடுத்துக்காட்டு>

வாசகர் பக்கத்தில் படிக்க வேண்டியது குறிகளுக்கு நடுவே இருக்கட்டும். நாம் கணினிக்குச் சொல்லும் குறிப்பு பண்பில் இருக்கட்டும். உறுப்பா (திறந்து மூடும் குறிச்சொற்களும் அவற்றுக்கு நடுவே இருப்பதும்), பண்பா என்று தடுமாறும்போதெல்லாம் நான் இதைத்தான் பார்ப்பேன். ஆனால் ஒரு பண்பு ஓர் உறுப்பில் ஒரு முறைதான் வரும், அதற்குள் வேறு எதையும் அடுக்க முடியாது. ஒரு சொல்லை எந்த ஊர்களில் கேட்டார் என்று உங்கள் அப்பா குறித்திருந்தால் அதை உறுப்பாகவே வையுங்கள். இரண்டாவது ஊர் கட்டாயம் வரும்.

இன்னொன்றை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். உரைத்தொகுப்பியில் ‘அழகாக அடுக்கு’ என்ற பொத்தான் இருக்கும். வாக்கியத்துக்குள் குறிகள் இருக்கும் கோப்பில் அதை அழுத்தாதீர்கள். ஒவ்வொரு குறியையும் புது வரியில் வைத்துவிடும். புது வரி என்பது ஓர் இடைவெளி. குறியை ஒட்டி நின்ற காற்புள்ளியும் முற்றுப்புள்ளியும் இடைவெளி விட்டுத் தள்ளி நிற்கும். நான் 60 பக்கம் திருத்தினேன்.

நிறத்தைப் பற்றி அச்சுக்காரர் சொன்னதில் எனக்கு ஒரு சிறு வேறுபாடு உண்டு. உங்கள் அப்பாவின் நோட்டு ஒரு கையெழுத்துப் படியும்கூட. எந்த மையில் எழுதினார் என்பதே நாளைக்கு ஒருவருக்குச் செய்தியாகலாம். கையெழுத்துப் படிகள், அகராதிகள் உள்ளிட்ட உரைகளைக் குறியிட 1987இல் தொடங்கிய டெக்ஸ்ட் என்கோடிங் இனிஷியேட்டிவ், சுருக்கமாக டிஇஐ, இரண்டுக்கும் இடம் கொடுக்கிறது. பொருளை உறுப்பின் பெயர் சொல்லும். மூலத்தில் எப்படித் தெரிந்தது என்பதை ஒரு பண்பு சொல்லும். ‘மை’ என்று ஒரு பண்பு வைத்துச் சிவப்பு, நீலம், பென்சில் மூன்றையும் அதில் காப்பாற்றிவிடுங்கள். நீங்கள் நான்கு மாதம் எழுதிய குறிகள் அப்படியே அங்கே போய் உட்காரும். உங்கள் தமிழ்ப் பெயர்களை விட்டுவிடச் சொல்லவில்லை. நாளைக்கு ஓர் ஆய்வு நூலகத்துக்குக் கொடுக்க வேண்டியிருந்தால், டிஇஐ பெயர்களுக்கு மாற்ற ஓர் எக்ஸ்எஸ்எல்டி கோப்பு போதும். இன்று எழுதுவது உங்களுக்குப் புரியும் பெயரில் இருந்தால்தான் வேலை ஓடும்.

பழைய அச்சுக்காரன்:

அகராதி மாணவி சொல்வது சரி. அந்த ‘மை’ பண்பை நான் யோசிக்கவில்லை. எங்கள் தொழிலில் மூலத்தின் தோற்றத்தைக் காப்பாற்றும் வழக்கம் இல்லை. என்னுடைய உருமாற்ற விதிகளில் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அச்சுக்கு ஒரு வழி. எக்ஸ்எஸ்எல்டியை உலாவிக்குள் ஓடவிட வேண்டாம். வட்டில் இருக்கும் கோப்பைக் குரோமில் திறந்தால் பாதுகாப்புக் காரணத்தால் வெற்றுப் பக்கம்தான் வரும். தவிர, அந்த வசதியையே நீக்கப்போவதாக அவர்கள் 2025இல் அறிவித்துவிட்டார்கள். கட்டளை வரியில் ‘எக்ஸ்எஸ்எல்டிபிராக்’ என்ற இலவசக் கருவியை ஓட்டி எச்டிஎம்எல் எடுங்கள். இணையத்துக்கு அது போதும். புத்தகத்துக்கு அதே எச்டிஎம்எல்லை ‘வீஸிபிரிண்ட்’ என்ற கருவி மூலம் பிடிஎஃப் ஆக்குங்கள். தமிழ் எழுத்து உடையாமல் வரும். அகராதிகளில் பக்கத்தின் தலையில் முதல் சொல்லும் கடைசிச் சொல்லும் இருக்குமே, அதையும் சிஎஸ்எஸ்ஸிலேயே செய்யலாம். ஈய எழுத்துக் காலத்தில் அதைப் பக்கத்துக்குப் பக்கம் கையால் கோத்தார்கள்.

‘எ-டு:’ என்ற எழுத்துகளை உரையில் அடிக்காதீர்கள். எடுத்துக்காட்டு உறுப்புக்கு முன்னால் அதைச் சேர்க்கும்படி சிஎஸ்எஸ்ஸிடம் சொல்லுங்கள்.

கடைசியாக, ஒரு மாலை செலவழித்து டிடிடி எழுதுங்கள். பதிவுக்குள் ஒரு தலைச்சொல் கட்டாயம், ஒரு பொருளாவது கட்டாயம், எடுத்துக்காட்டு எத்தனையும் வரலாம் என்று விதி வகுக்கும் பக்கம் அது. உங்களுக்கு இருபது வரிக்குள் அடங்கும். குறிகள் சரியாக மூடியிருக்கின்றனவா என்பது வேறு. ஆவணம் நாம் வகுத்த விதிப்படி இருக்கிறதா என்பது வேறு. நீங்கள் இதுவரை முதலாவதை மட்டும் பார்த்திருக்கிறீர்கள். உங்கள் அப்பா ‘காண்க’ என்று வேறு சொல்லுக்கு வழி காட்டியிருந்தால், பதிவின் அடையாளத்தை ‘ஐடி’ வகையாகவும் காண்கவின் பண்பை ‘ஐடிரெஃப்’ வகையாகவும் அறிவித்துவிடுங்கள். இல்லாத சொல்லுக்கு வழி காட்டியிருந்தால் சரிபார்ப்பி பிடித்துக் கொடுக்கும்.

கரிசல்மகள்:

பதில் எழுத மூன்று வாரம் ஆகிவிட்டது. மூன்றாவது நோட்டையும் இதற்குள் முடித்தேன். உருமாற்றம் ஓடி முடிந்தபோது சிவப்பில் ஒரே ஒரு பதிவு மட்டும் தவறாகப் போயிருந்தது. அதில் அப்பா தலைச்சொல்லையே நீல மையில் எழுதியிருந்தார். சிவப்புப் பேனா அன்று தீர்ந்திருக்கும். ‘மை’ பண்பில் அதையும் ‘நீலம்’ என்றே வைத்திருக்கிறேன்.

பென்சில் வரிகளைப் படித்துப் பிரிக்க 16 நாட்கள் ஆயின. எடுத்துக்காட்டு 1,902, பாட்டு 87, ஐயம் 214. பாட்டென்று நான் நினைத்த இரண்டு, விடுகதைகள்; அவற்றுக்குத் தனிப் பெயர் வைத்தேன். இத்தனை நாளும் பென்சில் என்ற ஒரே பெயரில் அவை எனக்குத் தெரியாமலே கிடந்திருக்கின்றன.

டிடிடி எழுதிச் சரிபார்த்தேன். முதல் முறை 140 பிழைகள். பெரும்பாலும் என் அவசரம். அவற்றைத் திருத்திய பிறகும் 23 நின்றன. இருபத்து மூன்றும் ‘காண்க’ பிழைகள். அப்பா வேறு சொல்லைப் பார்க்கச் சொல்லியிருக்கிறார், அந்தச் சொல்லுக்குப் பதிவே இல்லை. பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று விட்டிருப்பார். நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்த இத்தனை ஆண்டுகளில் இது என் கண்ணில் படவே இல்லை. அந்த 23 சொற்களையும் 214 ஐயங்களையும் தனித்தனியாகப் பிடிஎஃப் ஆக்கியிருக்கிறேன், பெரிய எழுத்தில், தலைச்சொல் சிவப்பில். ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போகிறேன். கமலை ஓட்டியவர்கள் இன்னும் நான்கு பேர் இருக்கிறார்கள்.

23இல் முதலாவது ‘தும்பி’. ‘சால்’ பதிவிலிருந்து வழி காட்டியிருக்கிறார். எனக்குத் தெரிந்தது பறக்கிற தும்பிதான். கிணற்றுக்கும் அதற்கும் என்ன தொடர்பு?

விரிதாள் போதும்:

நான் சொன்னதை எடுத்துக்கொள்ளாதது நல்லதாகப் போயிற்று. ‘தும்பி’ எனக்குத் தெரியும். என் தாத்தா கமலை இறைப்பதைச் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். உங்கள் முறைப்படியே எழுதிப் பார்த்தேன். ஐயத்தை உங்கள் ஊரில் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

<பதிவு அடையாளம்="தும்பி">
  <தலைச்சொல்>தும்பி</தலைச்சொல்>
  <பொருள்>
    <விளக்கம்>சாலின் அடியில் பொருத்தியிருக்கும் தோல் குழாய். சால் மேலே வந்ததும் வால்கயிறு இதன் வாயைத் தொட்டிக்குள் இழுத்துவிடும்; தண்ணீர் தானாகக் கொட்டும்.</விளக்கம்>
    <எடுத்துக்காட்டு><வருகை தலை="தும்பி">தும்பியில்</வருகை> எண்ணெய் தடவி வை, தோல் காய்ந்துவிடும்.</எடுத்துக்காட்டு>
    <ஐயம்>எந்தத் தோலில் தைத்தார்கள்? பெரியவர்களிடம் கேட்க வேண்டும்.</ஐயம்>
  </பொருள்>
  <காண்க எது="சால்"/>
</பதிவு>